தொட்டித் தோட்டம்

தோட்டம் என்றதும் கிணறும் வாய்க்காலும் வரப்பும் பாத்தியும் உள்ளத்தில் தோன்றுதல் இயல்பு. அவை யாவும் நிலமுடையார்க்கே உரியவை. நகரத்தில் வாழ்வோருட் பலர்க்குத் துணி உலர்த்தும் மொட்டைமாடியோ, நடைபாதையை ஒட்டிய சிறு தாழ்வாரமோதான் உண்டு. சிலர்க்கு அவையும் இல்லை. சாளரத்திற்கு வெளியே ஒரு முழ அகலமுள்ள விளிம்பே அவர்தம் நிலம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். இத்துணைப் பெருந்தொகையினர் தம் கையால் ஒரு பிடி கீரையும் பயிரிட வழியின்றி இருக்க வேண்டுவதில்லை என்பதைக் காட்டுவது தொட்டித் தோட்டம்.

உணவிற் கீரையும் காயும் குறைதலால் விளையும் கேடு சிறிதன்று. உடலில் இரும்புச்சத்துக் குன்றினால் சோகை தோன்றும். ‘ஏ’ உயிர்ச்சத்துக் குன்றினால் மாலைக்கண் நோய் தோன்றும். அது முற்றினால் குழந்தையின் பார்வையே அழியவுங்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றிருந்தனர் எனக் காட்டியது. இதற்குக் காரணங்கள் பல. சத்துள்ள உணவு போதாமை அவற்றுள் ஒன்று. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி முதலியவை, உடலிற் சென்று ‘ஏ’ உயிர்ச்சத்தாக மாறும் பொருளையும், இரும்பையும், சுண்ணாம்பையும் உடையன. கீரையிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேர, உண்ணும்போது சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுதல் துணைசெய்யும். கீரையைப் பறித்தபின் நேரம் செல்லச்செல்ல அதிலுள்ள ‘சி’ உயிர்ச்சத்துக் குறைந்துகொண்டே வரும். தொலைவூரில் முதல்நாள் அறுக்கப்பட்டு, வண்டியேறி வந்து, கடையில் வாடிக் கிடந்த கீரையினும், சமைக்கும் வேளையிற் பறித்த கீரை சிறந்ததாவது இதனாலேயே.

நிலத்தில் வளரும் செடிக்கும் தொட்டியில் வளரும் செடிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிலத்துச் செடியின் வேர் தனக்கு வேண்டியதைத் தேடிச் செல்லும். மேல்மண் உலர்ந்தால் ஆழத்தில் ஈரத்தை நாடும்; ஓரிடத்தில் உணவு குன்றினால் மற்றோரிடம் பரவும். தொட்டிச் செடிக்கு அவ்வுரிமை இல்லை. இரண்டு சாண் ஆழமும் இரண்டு சாண் அகலமுமே அதன் உலகம். அங்கு நீர் வற்றினால் வேறு நீர் இல்லை. உணவு தீர்ந்தால் வேறு உணவு இல்லை. வேர் தேடிப் பெற வேண்டியவற்றை எல்லாம் வளர்ப்பவரே தேடித் தரவேண்டும். தொட்டியிற் பயிர் வளர்க்கும் முறைகள் யாவும் இவ்வோர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

அங்ஙனம் தரவேண்டியவை எவை? இதனை அறியவும் ஒரு தொட்டியே முதலில் துணைசெய்தது. 17ஆம் நூற்றாண்டில், இன்று பெல்ஜியம் என வழங்கும் நாட்டில் வான் ஹெல்மாண்ட் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் அடுப்பில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு மண்தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டார். தூசு விழாதவாறு துளைகளுள்ள மூடியால் தொட்டியை மூடி, நீரை மட்டுமே ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது, அதன் எடை 169 பவுண்டிற்கும் சற்று மிகுதியாக இருந்தது. மண்ணையும் உலர்த்தி நிறுத்தார். அதில் ஏறத்தாழ 2 அவுன்சே குறைந்திருந்தது! மரத்தின் உடல் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின் 1648இல் வெளிவந்த நூலில் இச்சோதனை கூறப்பட்டுள்ளது.

அவர்தம் முடிவு பாதியளவே உண்மை. இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, வேர் வழியே வந்த நீருடன் கூட்டி, கதிரொளியின் ஆற்றலால் உணவாக்குகின்றன என்பது பின்னாளில் விளங்கிற்று. இச்செயலுக்குக் கதிரொளி இன்றியமையாதது என்பதை இங்கன்ஹௌஸ் என்பவர் 1779இல் வெளியிட்டார். ஆயினும், குறைந்துபோன அந்த இரண்டு அவுன்சும் வீணானதன்று. மண்ணிலிருந்து வேர் ஈர்த்துக்கொள்ளும் உப்புக்கள் அளவிற் சிறியவையே. அவை இன்றேல் செடி செழித்தல் இல்லை. ஆகவே தொட்டிச் செடிக்கு முதலில் வேண்டுவது ஒளி. அடுத்து வேண்டுவன நீரும் காற்றும். அவற்றோடு சிறிதளவு, ஆனால் தவறாது, எருவும் வேண்டும்.

தோட்டம் அமைக்க விரும்புவோர் முதலில் செய்யவேண்டுவது, தம் வீட்டில் வெயில் படும் இடத்தையும் நேரத்தையும் சில நாள் குறித்துவைத்தலாகும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை முதலிய காய்ச்செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலேனும் வேண்டும். கீரைகள் மூன்று நான்கு மணிநேர வெயிலிலும் வளரும். புதினாவும் வல்லாரையும் சிறிது நிழலைப் பொறுத்துக்கொள்ளும். வெயில் குன்றிய தாழ்வாரத்தில் தக்காளியை வைத்துக் காய்க்கவில்லையே என வருந்துவதினும், அங்கே புதினாவை வளர்த்துப் பயன்பெறுதல் அறிவுடைமையாகும்.

தொட்டி விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டா. மண்தொட்டி, பழைய வாளி, தகர டின், சாக்குப்பை, கெட்டியான பிளாஸ்டிக் பை ஆகிய எதுவும் ஏற்றதே. பூச்சிமருந்தோ சாயமோ வைத்திருந்த கலங்களை மட்டும் விலக்கல் வேண்டும். கீரைக்கு அரையடி ஆழம் போதும். கத்தரி, தக்காளி முதலியவற்றிற்கு ஓரடி ஆழமேனும் தேவை. எக்கலமாயினும் அடியில் துளைகள் இருத்தல் இன்றியமையாதது. நீர் வடியாது தேங்கினால், மண்ணின் இடைவெளிகளில் உள்ள காற்று வெளியேறிவிடும். வேர்கள் பிராணவாயு இன்றி அழுகும். துளையின்மேல் வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்தால், நீர் வடியும், மண் வெளியேறாது.

மாடியில் தொட்டி வைப்போர் அதன் எடையையும் எண்ணுதல் வேண்டும். ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள ஈரமண் ஏறத்தாழ 50 கிலோகிராம் நிறை உள்ளது. இத்தகைய தொட்டிகள் பலவற்றை மாடியின் நடுவே குவித்தல் தகாது. சுவர்களும் உத்தரங்களும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வைத்தலே நன்று. தொட்டிகளைச் செங்கல்மீது ஏற்றி வைத்தால், அடியில் காற்று உலவும்; தளத்தில் ஈரமும் தங்காது.

வெறும் களிமண் தொட்டியில் இறுகிவிடும். வெறும் மணலில் நீர் தங்காது. ஆதலின் செம்மண், மணல், நன்கு மட்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சமபங்காகக் கலந்து நிரப்புவது வழக்கம். எடையைக் குறைக்க வேண்டின், தென்னை நார்க்கழிவையும் சேர்க்கலாம். அது தன் எடையைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்ட நீரை ஏற்று வைத்திருக்க வல்லது. எனினும் அதிலுள்ள உப்பு நீங்க, முன்னரே நீரில் ஊறவைத்துப் பலமுறை கழுவுதல் வேண்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாது, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டால் ஊற்றும் நீர் வழிந்தோடாது.

விதைகளுள் பல அடுக்களையிலேயே உள்ளன. கொத்தமல்லிக் காயை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்தல் வேண்டும். ஒரு காயினுள் இரு விதைகள் உள்ளன. சமையலுக்கு வாங்கிய புதினாவின் இலைகளைக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டால் அது வேர்விடும். பொன்னாங்கண்ணியும் கற்பூரவல்லியும் அங்ஙனமே தண்டிலிருந்து தழைக்கும். வெண்டை விதையைத் தொட்டியில் நேராகவே ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைச் சிறு கலத்தில் நாற்றாக வளர்த்து, நான்கு வாரம் சென்றபின் மாலை வேளையிற் பெயர்த்து நடுதல் வேண்டும். விதையை அதன் பருமனைப்போல் இருமடங்கு ஆழத்தில் மூடினாற் போதும். அதனினும் ஆழப் புதைத்த சிறு விதை, மேலெழுமுன்னரே தன் சேமிப்பு உணவை இழந்து மடியும். முதன்முதலாகப் பயிரிடுவோர் கீரையிலிருந்து தொடங்குதல் நலம். சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்பதற்கு ஆகும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காது நுனியை அறுத்து வந்தால், அது மீண்டும் மீண்டும் துளிர்க்கும்.

நீர் ஊற்றுதலில் தவறுவோரே பலர். காலையில் ஒருமுறை ஊற்றவேண்டும் என்பது விதியன்று. மண்ணின் நிலையே விதி. விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணிற் செலுத்திப் பார்த்தல் வேண்டும். ஈரம் இருப்பின் நீர் வேண்டா. உலர்ந்திருப்பின், அடித்துளையில் நீர் கசியும்வரை ஊற்றுதல் வேண்டும். கோடையில் இருவேளை நீர் தேவைப்படலாம். மழைநாளில் ஒருவேளையும் தேவைப்படாது. அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் செடிக்கு ஏற்றவை. சவர்க்காரம் கலந்த நீர் ஆகாது. மண்மீது உலர்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் விரைவில் ஆவியாகாது. தொட்டியின் கீழே வைக்கும் தட்டுக்களில் நீர் தேங்கவிடுதல் பெருந்தவறு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். நோயைத் தடுக்கும் உணவிற்கென அமைத்த தோட்டமே நோய்க்கு இடமாகிவிடுதல் கூடாது.

ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும், மண்ணிலுள்ள உப்புக்களிற் சிறிது கரைந்து செல்லும். ஆதலின் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மட்கிய எருவை இட்டு, மேல்மண்ணைக் கிளறிவிடல் வேண்டும். இலை தழைக்கத் தழைச்சத்தும், வேர் வளர மணிச்சத்தும், காய் திரளச் சாம்பற்சத்தும் வேண்டும். காய்த்தோலையும் உலர்ந்த இலையையும் மாறிமாறி அடுக்கி, மண்ணைத் தூவி, ஈரம் குன்றாது வைத்திருந்தால், சில திங்களில் அவை எருவாகும். தெருவில் குப்பையாகக் கிடக்க வேண்டியது அடுத்த கீரைக்கு உணவாவது இம்முறையால்தான்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை இலையின் அடிப்புறத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். நாள்தோறும் இலையைத் திருப்பிப் பார்ப்பவர் அவற்றைத் தொடக்கத்திலேயே கண்டு, கையால் நசுக்கியும் நீரைப் பீய்ச்சியும் போக்கலாம். பெருகிவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி மாலையில் தெளிக்கலாம். வீட்டார் உண்ணும் இலைமீது கடும் நஞ்சைத் தெளித்தல் எவ்வாற்றானும் தகாது. பாகல், புடலை முதலிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலரும். தேனீ வாராத உயர்மாடியில் பூக்கள் பிஞ்சாகாது உதிர்வதுண்டு. அப்போது ஆண்பூவைக் கொய்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவுதல் வேண்டும். தேனீயின் வேலையையும் வளர்ப்பவரே ஏற்கிறார்.

தூதுவளை, துளசி, கற்பூரவல்லி, கற்றாழை ஆகிய மூலிகைகளும் தொட்டிக்கு ஏற்றவையே. தூதுவளை துவையலாகவும், கற்பூரவல்லி சளிக்குக் கொடுக்கும் சாறாகவும் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஆனால் மூலிகை இருக்கிறதே என்று கடுங்காய்ச்சலுக்கு மருத்துவரை நாடாதிருத்தல் அறியாமையாகும்.

தொட்டித் தோட்டம் ஒரு குடும்பத்தின் முழு உணவையும் தந்துவிடாது. நெல்லும் பருப்பும் வயலிலிருந்தே வரவேண்டும். எனினும் சிறு இடங்கள் பல கூடினால் விளைவு சிறிதாவதில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின், கியூபா நாட்டிற்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் உணவும் பெரிதும் குறைந்தன. தலைநகராகிய ஹவானாவில் உணவுப் பஞ்சம் தோன்றவே, மக்கள் வெற்றிடங்களிலும் காரை பூசிய தளங்களிலும் சுவர் எழுப்பிய நீண்ட தொட்டிகளை அமைத்து, எரு கலந்த மண் நிரப்பிக் காய்கறி பயிரிட்டனர். தமிழ்நாட்டிலும் 2013–14ஆம் ஆண்டில் அரசு, சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் மாடித் தோட்டத்திற்கு வேண்டிய பைகளையும் விதைகளையும் மானிய விலையில் வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது.

இத்தோட்டத்தின் பயன் கீரையோடு நிற்பதன்று. சித்திரை வெயிலில் இரண்டு நாள் மறந்தால், இரண்டு திங்கள் வளர்த்த செடி கருகிவிடும். அதனைக் கண்ட சிறுவன், மழை பொய்த்த ஆண்டில் ஓர் உழவன் தன் வயலை நோக்கி நிற்கும் நிலையைச் சிறிதேனும் உணர்வான். இலையில் இட்ட கறியை வீணாக்க அவனுக்கு மனம் வாராது. இளமையில் ஒரு தொட்டிச் செடியை நாள் தவறாது பேணக் கற்றவர், தம்மையே நம்பியிருக்கும் உயிர்களிடத்துக் கடமை தவறார்.