குளிரில் முடங்கும் கால்களுக்கு வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை

மார்கழி பிறந்துவிட்டால் பச்சைமலை அடிவாரத்து வேப்பந்தட்டையிலிருந்து கொள்ளிடக் கரையோரத் திருமானூர் வரைக்கும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "முட்டியெல்லாம் புடிச்சுக்குது, எந்திரிக்கவே முடியல." நாமும் பாசத்தில், "சும்மா படுத்துக்குங்க, வெயில் வந்ததும் பாத்துக்கலாம்" என்று போர்வையை இழுத்து மூடிவிடுகிறோம். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

குளிரில் மூட்டும் சுற்றியுள்ள தசையும் இறுகின மாதிரி இருக்கும். அசைக்காமல் வைத்தால் இறுக்கம் கூடும். வயதானவர்கள் 10 நாள் படுக்கையில் கிடந்தாலே தொடைத் தசை மெலிந்து, காலில் பலம் குறைந்துவிடும். பலம் குறைந்தால் வலி கூடும். வலிக்குப் பயந்து நடையை இன்னும் குறைப்பார்கள். தை போய் மாசி வந்த பிறகும் சிலர் சுவரைப் பிடித்தே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரை வலியைக் குறைக்குமே தவிர, போன தசையைத் திருப்பித் தராது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், உண்டு. கட்டணம் கிடையாது. பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மூட்டுவலியால் நடமாட முடியாதவர்கள் எல்லோரும் கேட்கலாம். உங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். விவரம் தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். வட்டாரத்துக்கு ஒரு சிகிச்சையாளர் என்ற கணக்கில்தான் இந்தச் சேவை நடக்கிறது. பெரம்பலூரில் 4 வட்டாரம், அரியலூரில் 6. தினமும் வர அவர்களால் முடியாது. அதனால் அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்டு அதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால், மறுநாள் "எப்படிச் சொன்னாங்க?" என்று குழம்ப வேண்டாம். தாத்தா காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நடப்பதை முன்கூட்டியே எடுத்துக் காட்டுவதும் உதவும். அவர் வரும் நேரத்துக்குள் வெயில் ஏறி, நடை சரியாகியிருக்கும்!

முழங்கால் வலிக்குப் பொதுவாகச் சொல்லித் தரும் எளிய பயிற்சி இது. படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்கவும். துண்டைக் கீழே அழுத்துவதுபோல் தொடையை இறுக்கி, மூச்சை அடக்காமல் 5 எண்ணி விடவும். காலை, மாலை 10 தடவை. எழுந்திருக்கும் முன் பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிவிட்டு இறங்கினால் முதல் அடி அவ்வளவு வலிக்காது. முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் பயிற்சி வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பனிக்காலத்தில் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். மூக்கால் மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுவது மூச்சுத்திணறலைத் தணிக்கும். சளியை வெளியேற்றவும் சிகிச்சையாளர் பயிற்சி சொல்லித் தருவார். இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒத்தடம் கொடுப்பதில் கவனம் தேவை. உப்பு ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ இதமாகத்தான் இருக்கும். ஆனால் சுகர் நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் தெரியும். அவர்கள் பாதத்துக்குச் சூடு வேண்டவே வேண்டாம்.

திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ "பனிக்காத்து அடிச்சிருச்சு" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். வெறும் முகவாதமா, பக்கவாதமா என்பதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். உயிர் பிழைத்து வீடு திரும்பியவருக்கு, விழுந்த கையைத் தூக்க வைக்கும் வேலை பிசியோதெரபியுடையது. அதற்கு, மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தன்னார்வலரிடம் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.