பாத்தியைத் தரைக்கு இறக்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து ஐப்பசி பிறந்தால் வடகிழக்கு. தக்கலைப் பக்கம் ஓட்டு வீடு கட்டியபோது, கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பாத்தியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுற்றிலும் மா, பலா, ரப்பர். பாத்தி வைத்தால் சருகு அடைக்கும், தேங்கிய நீரில் கொசு பெருகும், ஏணி போட்டு வாரி மாளாது.

பாத்தி இல்லாமல் மழையைச் சமாளிப்பது எப்படி என்பதைப் பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்கலாம். கூரை சுவரைத் தாண்டித் தாழ இறங்கி நிற்கும். தண்ணீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழும். எங்கள் ஆசாரி சொன்னதும் அதுதான்: "எறவாணத்த நல்லா இறக்கி விடணும் தம்பி, மழை சொவர்ல அடிக்கப்பிடாது."

நாங்கள் செய்தவற்றில் பயன்பட்டவை:

இறவாணம்: சுவரிலிருந்து 3 அடி நீட்டினோம். நீட்டினால் காற்றும் பிடிக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த ஊர் இது. விளிம்பு வரிசை ஓடுகளை அவற்றைத் தாங்கும் பட்டியலோடு கம்பியால் கட்டிவிடுங்கள்.

வாசல்: இருபுறச் சாய்வுக் கூரையில் தண்ணீர் இரண்டு பக்கம் மட்டுமே இறங்கும். வாசலை முக்கோணச் சுவர்ப் பக்கம் வைத்தால் நனையாமல் வீடேறலாம்.

உள்மூலை: கூரை 'ட' வடிவில் திரும்பும் இடத்தில் இரு சாய்வின் நீரும் சேர்ந்து மடைபோல் கொட்டும். அங்கே கருங்கல் பலகை பதியுங்கள். இல்லாவிட்டால் மண்ணைக் குடைந்துவிடும். மேல்கூரைத் தண்ணீர் கீழ்க்கூரை ஓட்டில் நேரே விழவும் விடாதீர்கள்.

தரை: மங்களூர் ஓட்டின் ஒவ்வொரு குழிவும் தனித் தாரையாகக் கொட்டும். வெறும் செம்மண்ணில் விழுந்தால் வரிசையாகக் குழி பறித்து, வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புக் கறை ஏற்றும். தாரை விழும் கோட்டை நடுவில் வைத்து ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி முக்கால் இஞ்சு ஜல்லி நிரப்பினோம். தெறிப்பு நின்றது. அடித்தளத்தையும் 2 அடி உயர்த்திக்கொள்ளுங்கள். சுவரோரத் தரை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

சேமிப்பு: 1,000 சதுர அடிப் பரப்பை மூடும் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஜல்லி வாய்க்காலுக்கு 10 அடிக்கு ஓர் இஞ்சு வாட்டம் கொடுத்து, கிணற்றடி உறிஞ்சு குழியில் கொண்டு சேர்த்தோம். ஆக, பாத்தி இல்லாத வீடு என்பது பாத்தியைக் கூரையிலிருந்து தரைக்கு இறக்கிய வீடு. அதில் சருகு விழுந்தால் விளக்குமாறு போதும்.

இது எல்லா மனைக்கும் சரிவராது. சுவருக்கும் மதிலுக்கும் நடுவே 5 அடியாவது வேண்டும். நாகர்கோவில் நகருக்குள் இரண்டு, மூன்று சென்டில் கட்டுகிறவர்கள் கூரையிலேயே பாத்தி வைத்துவிடுங்கள். நம் வீட்டு மழை அடுத்தவர் மனையில் விழக்கூடாது.