சம்பளக் கணக்கும் சட்டமும்



நம்மவர் கடைகளில் கணக்குக்குக் குறைவில்லை. மொத்த வியாபாரியிடம் எடுத்த சரக்குக்குப் பற்று உண்டு. கடனுக்குக் கொடுத்த சாமானுக்குச் சிட்டை உண்டு. வருஷ முடிவில் ஐந்தொகையும் உண்டு. ஆனால் கடையில் நிற்கும் சிப்பந்தியின் சம்பளக் கணக்கு மட்டும் பல இடங்களில் காகிதத்தில் ஏறுவதில்லை. முதலாளியின் ஞாபகத்தில் பாதியும் சிப்பந்தியின் ஞாபகத்தில் பாதியுமாகக் கிடக்கிறது. இரண்டு ஞாபகங்களும் ஒத்துப்போகும் வரையில் தொல்லை இல்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். அந்நாளில் ஊரிலிருந்து வந்த பையன் கடையிலேயே உண்டு, கடை மாடியிலேயே உறங்கி, சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைப்பான். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கப்பலேறும்போது மொத்தமாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டு போவான். அதில் நாணயம் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே காரியத்தை இன்று சிங்கப்பூரில் செய்தால் அது சட்ட மீறல். சம்பளத்தை மாதம் ஒரு முறையாவது கொடுத்தாக வேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். மேலதிக நேர வேலைக்கான பணத்துக்கு 14 நாள் தவணை உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷம் வேலை பார்த்த சமையற்காரர் ஒருவர் விலகிக்கொள்ள நினைத்தார். தங்கையின் கலியாணத்துக்கு அவர் வாங்கிய முன்பணத்தில் இன்னும் 1,000 வெள்ளி பாக்கி என்றார் முதலாளி. “அது போன வருஷமே கழிந்துவிட்டதே, நானா!” என்றார் சமையற்காரர். இருவரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்லர். ஆனால் காட்டுவதற்கு இருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கடைசியில் முதலாளி அந்தத் தொகையை விட்டுக்கொடுத்தார். ஆனாலும் அதன் பிறகு அந்த இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தவணைக் கடனை எழுதிவைக்கும்படி ஏவும் சூரா பகராவின் 282ஆம் ஆயத்துதான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து என்பதை நாம் அறிவோம். சரக்குக் கடனுக்கு அதை நினைக்கிறோம். சிப்பந்திக்குக் கொடுத்த முன்பணமும் கடன்தான் என்பது மறந்துபோகிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு சிப்பந்திக்கும் சம்பளச் சீட்டுக் கொடுப்பது சிங்கப்பூரில் கட்டாயம். சம்பளத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் 3 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். முதலாளியின் பெயர், சிப்பந்தியின் பெயர், பணம் கொடுத்த தேதி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்கான சம்பளம், அடிப்படைச் சம்பளம், படிகள், மற்ற வரவுகள், பிடித்தங்கள், மேலதிக நேரம் எத்தனை மணி, அது எந்தக் காலத்துக்கு உரியது, அதற்கான பணம், முடிவில் கைக்கு வரும் தொகை ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் அச்சிட்டுத்தான் கொடுக்க வேண்டுமென்பதில்லை. கையால் எழுதிய சீட்டும் செல்லும். கைத்தொலைபேசிக்கு அனுப்பினாலும் செல்லும். “எங்களுடையது சின்னக் கடை, கம்ப்யூட்டர் கிடையாது” என்று சொல்லித் தப்ப வழியில்லை. சம்பளத்துக்கு அமர்த்திய மச்சான் மகனும் சட்டத்தின் முன் சிப்பந்திதான்.

ஒரு சீட்டைப் போட்டுப் பார்ப்போம். கணக்குச் சுலபமாக வரட்டுமென்று அடிப்படைச் சம்பளம் 2,288 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். அதை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணியையும் பெருக்கிவரும் 2,288ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 12 வெள்ளி. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 18 வெள்ளி. அந்த மாதம் 20 மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் 360 வெள்ளி. முன்பணத்தில் 150 வெள்ளி பிடித்தால் கைக்கு வருவது 2,498 வெள்ளி. இந்த நான்கு வரியும் காகிதத்தில் இருந்தால், “எனக்கு ஏன் இவ்வளவு?” என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

பிடித்தத்தில்தான் நம்மவர் அதிகம் தவறுகிறார்கள். முன்பணத்தை 12 மாதத்துக்கு மேற்படாத தவணைகளில் கழிக்க வேண்டும். ஒரு தவணை அந்தக் காலத்துச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தட்டு உடைந்தது, கல்லாவில் பணம் குறைந்தது என்று கோபத்தில் உடனே சம்பளத்தில் கை வைப்பதும் கூடாது. முதலில் விசாரிக்க வேண்டும். அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அவன்மேல் தவறு என்று தெரிந்தாலும் பிடித்தம் ஒரு மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

வேலைக்கு ஆள் சேரும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டியதும் உண்டு. 14 நாளோ அதற்கு மேலோ வேலைக்கு அமர்த்தப்படுபவருக்கு, சேர்ந்த 14 நாட்களுக்குள் வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளம், விடுப்பு, முன்னறிவிப்புக் காலம் முதலிய நிபந்தனைகளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் இதற்கு மேலும் போயிருக்கிறார்கள். நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல், நாலு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஆள் தேவை விளம்பரத்திலேயே சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த கட்டளைப்படி, வேலை தேடி வருகிறவரிடம் “முன்பு எவ்வளவு வாங்கினாய்?” என்று கேட்கவே கூடாது, சமமான வேலைக்கு ஆணும் பெண்ணும் சராசரியாக என்ன வாங்குகிறார்கள் என்று சிப்பந்தி கேட்டால் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. அடுத்தவன் சம்பளத்தை அல்ல, அவனவன் சம்பளக் கணக்கை அவனவனுக்குக் காட்டு என்றுதான் கேட்கிறது. இதற்கே நம்மில் சிலர் முகம் சுளிப்பது எனக்கு விளங்கவில்லை.

சீட்டின் நகலையும் வேலை செய்த நேரக் கணக்கையும் இரண்டு வருஷத்துக்கு வைத்திருக்க வேண்டும். ஆள் விலகிவிட்டால், அவருடைய கடைசி இரண்டு வருஷக் கணக்கை விலகிய பின்னும் ஒரு வருஷம் காக்க வேண்டும். சம்பளத் தகராறு என்றால் முதலில் சமரசப் பேச்சு. அதில் தீராவிட்டால் 2017 ஏப்ரலில் ஏற்பட்ட வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே கேட்கும் முதற் சாமான்களில் ஒன்று இந்தச் சீட்டு.

முன்னறிவிப்புக் கொடுத்து விலகுகிறவருக்குக் கடைசி நாளிலேயே கணக்குத் தீர்க்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டவருக்கும் 7 நாட்களுக்குள் சேரவேண்டியதைக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிச் சம்பளத்துக்கும் சீட்டு உண்டு. சீட்டின் மாதிரிப் படிவம் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்துக் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதினாலே போதும்.