மழை குடைந்த கிணறு

கயத்தாற்றுக் கரிசலில் கிடக்கும் சுக்கான்கல்லின் மீது எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். நுரைக்கிறதல்லவா? அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது.

மழைநீரும், காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வீரியம் குறைந்த அமிலமாகிறது. இலங்கையில், யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறையை அது பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துக் குகைகளாக்கியது. குகையின் கூரை இடிந்த இடத்தில் குழி தோன்றும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு அத்தகையதே. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்! நீரடிக் குகையைத் தேடுவோருக்கு இத்தகைய குழிகளே வாயில்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் ஊர்க் கிணற்றில் மூழ்கினால் தலைக்கு மேல் வானம். குகையிலோ தலைக்கு மேலும் பாறை! எனவே, பயிற்சி பெற்றவர்கள் வழிகாட்டும் கயிற்றை விட்டு விலகார். கொண்டுசென்ற காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுவர். பாதி தீரும்வரை ஏன் காத்திருப்பதில்லை? சிந்தியுங்கள்.