பருத்திக் காடு முதல் குப்பைத்தொட்டி வரை: ஒரு பனியனின் கணக்கு

போனில் ஒரு பனியன் ஆர்டர் போட உங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். அது உங்கள் கைக்கு வருவதற்குள் எவ்வளவு தண்ணீர், கரண்ட், விறகு, உப்பு செலவாகியிருக்கும்? கிழிந்த பிறகு எங்கே போய்ச் சேரும்? இத்தனையையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் முறைக்கு 'வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு' என்று பெயர், சுருக்கமாக எல்.சி.ஏ. அமெரிக்காவில் 1969-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பாட்டில்களை ஒப்பிட்டுப் பார்க்கச் செய்த ஆய்வை இதன் ஆரம்பமாகச் சொல்வார்கள். இன்று இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற தரநிலைகளே இருக்கின்றன.

திருப்பூர் கதை நமக்குத் தெரிஞ்சதுதான். சாயத்தண்ணி நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையே விவசாயிகளுக்கு வினையாகிப் போச்சு. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் பட்டறைகள் பிறகு படிப்படியாக இயங்கத் தொடங்கின.

அந்த 'ஜீரோ டிஸ்சார்ஜ்' எப்படி நடக்கிறது? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். கழிவுநீரை முதலில் சுத்திகரித்து, பிறகு ஆர்.ஓ.வில் விடுவார்கள். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். மிச்சமிருக்கும் கரிப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிப்பார்கள்.

காய்ச்சுறதுன்னா சும்மாவா? நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆர்.ஓ. பம்புகளுக்குக் கரண்ட் வேண்டும். அடியில் படியும் கசடு தனி. முன்பு ஆற்றில் போனதில் ஒரு பங்கு இப்போது கசடு மூட்டையாக நிற்கிறது. அதைப் பிரித்தெடுக்க எரித்தது புகையாகப் போகிறது. அதற்காக இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நொய்யலுக்கு இது கட்டாயம் தேவை. ஆனால் தண்ணீரை மட்டும் பார்த்தால் புகை கணக்கில் வராது. எல்.சி.ஏ. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் வழியும் தெரிகிறது: சாயம் போடும்போதே ஒரு கிலோ உப்பைக் குறைத்தால், பின்னால் காய்ச்சிப் பிரிக்க வேண்டியதிலும் ஒரு கிலோ குறையும்.

இந்தக் கணக்கில் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. முதலாவது, எல்லைக்கோடு. பட்டறை வாசலோடு கணக்கை முடித்தால் பருத்திக் காட்டுப் பூச்சிமருந்தும் நீங்கள் துவைக்கும் தண்ணீரும் காணாமல் போகும். இரண்டாவது, அளவுகோல். 20 துவையலில் வெளுத்துப்போகும் பனியனையும் 60 துவையல் தாங்கும் பனியனையும் 'ஒரு பனியன்' என்று சமமாக வைத்தால் கணக்கு தப்பு. 60 துவையலுக்கு முதல் வகையில் மூன்று வாங்க வேண்டும் அல்லவா? 'பசுமைத் தயாரிப்பு' என்று விளம்பரத்தில் பார்த்தால் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கு ஆலையோ பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ வருகிறதா? சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்களை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய திட்டமென்றால், குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். நீராவிக்கு எதை எரிக்கிறார்கள், கசடு எங்கே போகிறது, பிரித்த உப்பு திரும்பப் பயன்படுகிறதா என்று கேளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் எழுத்துமூலமாகவும் அனுப்பலாம்.