அடவியும் ஆற்றுப்படுத்தலும்: அமேசான் மழைக்காட்டுப் பயிற்சிப் பயணம் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனிச்சிறப்புடையது. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்று வந்த வழியை எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், வள்ளலின் கொடைச் சிறப்போடு வழியின் இடர்களையும் விரித்துக் கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண் கற்கள், கால் வழுக்கும் இடத்தில் பற்றிக்கொள்ள வேண்டிய கொடிகள், இரவில் தங்குதற்குரிய முழைஞ்சுகள் ஆகிய அனைத்தும் அங்கே பேசப்படுகின்றன. வழி பிரியும் சந்தியில் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறும் கூத்தர்க்கு அந்நூல் அறிவுறுத்துகிறது. இன்று அமேசான் காட்டில் பழங்குடி வழிகாட்டி, கடந்து செல்லும்போதே இளஞ்செடியின் தலையை ஒடித்து மடித்து விடுகிறார். இரண்டும் ஒரே அறிவின் வெளிப்பாடுகளே.

பல நாட்டு இளைஞர்கள் ஒரு கிழமையோ இரு கிழமையோ வழிகாட்டியுடன் மழைக்காட்டில் தங்கி, அங்கு உயிர் பிழைக்கும் கலையைக் கற்பது இக்காலத்தில் பரவலாகியுள்ளது. இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவோர் உளர். அது பொருந்தாது. அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, கற்பிக்கத் தக்கவர் யார் என்னும் இரு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது. இரண்டாவது வினாவே முதன்மையானது என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக அமேசானில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம்.

மூன்று நிகழ்ச்சிகள்

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், பெரு நாட்டின் லிமாவிலிருந்து புகால்பா சென்ற விமானம் மின்னலால் தாக்குண்டு காட்டின் மேல் சிதறியது. அதில் இருந்த 92 பேருள் உயிர் தப்பியவர் ஒருவரே. அவர் யூலியானே கோப்கே என்னும் பதினேழு வயதுப் பெண். அருகில் அமர்ந்திருந்த தாய் இறந்தார். ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலிருந்து, இருக்கையோடு பிணைந்தபடியே அப்பெண் மரச்செறிவின் மீது விழுந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது, கையில் ஆழ்ந்த வெட்டு, கண்ணாடி தொலைந்துவிட்டது. உணவாகக் கிடைத்தது ஒரு பை மிட்டாய் மட்டுமே.

அவரைக் காத்தது வியப்புக்குரிய துணிவு என்று எழுதுவது எளிது. உண்மையில் அவரைக் காத்தது கல்வி. விலங்கியல் அறிஞர்களாகிய பெற்றோர் 1968-இல் பங்குவானா என்னும் ஆய்வு நிலையத்தைக் காட்டினுள் அமைத்திருந்தனர். அங்கே ஒன்றரை ஆண்டுக் காலம் அவர் வாழ்ந்திருந்தார். சிற்றோடையைக் கண்டால் அதன் போக்கில் செல்க, அது பேராற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்பது தந்தை கற்பித்த பாடம். ஒரு காலில் எஞ்சியிருந்த செருப்பை முன்வைத்து, பாம்பு உண்டா என நிலத்தைச் சோதித்தவாறு அவர் நடந்தார். வழியில் ஹோட்சின் என்னும் பறவையின் குரல் கேட்டது. அப்பறவை அகன்ற நீர்ப்பரப்பின் அருகில் கூடு கட்டுவது என்பதை அறிந்திருந்தமையால், பெரிய ஆறு அண்மையில் உள்ளது எனத் துணிந்தார். அவ்வாறே இருந்தது. பத்தாம் நாள் ஒரு படகையும் குடிலையும் கண்டார். புண்ணில் புழுக்கள் மண்டியிருந்தன. முன்பு தந்தை வீட்டு நாயின் புண்ணுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய நினைவு வர, படகின் எரிபொருளைத் தம் புண்ணில் ஊற்றிக்கொண்டார். மறுநாள் அங்கு வந்த மரவெட்டிகள் அவரைக் காப்பாற்றினர். ஒரு பறவையின் ஓசையைப் பொருளுள்ள சொல்லாகக் கேட்கத் தெரிந்தமை ஓர் உயிரைக் காத்தது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 1981-இல் பொலிவியாவில் யோசி கின்ஸ்பர்க் என்னும் இஸ்ரேலிய இளைஞரும் அமெரிக்கர் ஒருவரும் சுவிஸ் நாட்டவர் ஒருவரும், காட்டை நன்கு அறிந்தவன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட ஓர் ஆஸ்திரியனை நம்பி அடர்காட்டினுள் சென்றனர். சொல்லிய ஊர்களும் வழிகளும் உள்ளவாறு இல்லை. உணவு குறைந்தது, மனம் கசந்தது, குழு இரண்டாகப் பிரிந்தது. ஆஸ்திரியனும் சுவிஸ் இளைஞரும் நடந்து திரும்பப் புறப்பட்டவர்கள், பின் எவராலும் காணப்படவில்லை. மற்ற இருவரின் தெப்பம் துயிச்சி ஆற்றின் பாறைகளில் சிக்கிப் பிரிய, கின்ஸ்பர்க் ஏறத்தாழ மூன்று கிழமை தனியே அலைந்தார். முன்னரே கரையேறிய அமெரிக்க நண்பர், அவ்வாற்றை அறிந்த உள்ளூர்ப் படகோட்டியின் துணையுடன் தேடிச் சென்று அவரைக் கண்டெடுத்தார். பொய்யான வழிகாட்டியால் கெட்ட பயணம் மெய்யான வழிகாட்டியால் ஒருவாறு மீண்டது.

மூன்றாவது அண்மைக் காலத்தது. 2023 மே முதல் நாள் கொலம்பியாவின் அமேசான் பகுதியில் ஒரு சிறு விமானம் வீழ்ந்தது. தாய் உள்ளிட்ட மூன்று பெரியவர்களும் இறந்தனர். உயிரோடிருந்தவர்கள் உய்தோத்தோ பழங்குடியைச் சேர்ந்த நான்கு குழந்தைகள். மூத்த சிறுமிக்கு 13 வயது. கடைசிக் குழந்தைக்கு ஓராண்டுகூட நிரம்பவில்லை. நாற்பது நாள்கள் கழித்து, ஜூன் 9-ஆம் நாள், நால்வரும் உயிருடன் கண்டெடுக்கப்பட்டனர். விமானத்திலிருந்த மரவள்ளி மாவை முதலில் உண்டனர். பின்னர்க் காட்டின் கனிகளையும் விதைகளையும் தெரிந்து உண்டனர். எது உணவு, எது நஞ்சு என்பதைப் பாட்டியும் குடும்பத்தாரும் அச்சிறுமிக்குக் கற்பித்திருந்தனர். ஹெலிகாப்டரிலிருந்து அப்பாட்டியின் குரலையே அவர்கள் தாய்மொழியில் ஒலிபரப்பி, ஓரிடத்தில் நிற்குமாறு வேண்டினர். படைவீரர்களும் பழங்குடியினரும் சேர்ந்து தேடினர். இறுதியில் குழந்தைகளைக் கண்டவர்கள் பழங்குடியினரே.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு தேவைப்படுகிறது. இதே உய்தோத்தோ மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புடுமாயோ ஆற்றுப் பகுதியில் ரப்பர்ப் பால் சேகரிக்கும் கொடிய அடிமைத்தனத்தில் வீழ்த்தப்பட்டவர்கள். 1910-இல் நேரில் சென்று ஆராய்ந்த ரோஜர் கேஸ்மென்ட் என்பாரின் அறிக்கை 1912-இல் வெளிவந்து உலகை உலுக்கியது. அமேசானுக்கே உரிய ரப்பர் மரத்தின் விதைகள் 1876-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அத்தோட்டங்களில் பால் வடித்தவர்களுள் நம் தமிழ் மக்கள் எத்துணைப் பேர் என்பதை நாம் அறிவோம். ரப்பர் இரு கண்டங்களில் இரு மக்களை வருத்தியது. அத்தகைய துன்பத்தைத் தாண்டியும் ஒரு பாட்டியிடமிருந்து பேத்திக்குக் காட்டறிவு வந்து சேர்ந்திருக்கிறதெனில், அவ்வறிவின் வேர் எவ்வளவு ஆழமானது!

பயிற்சியில் கற்பவை

அமேசான் மழைக்காடு எட்டு நாடுகளிலும் பிரெஞ்சு கயானாவிலும் விரிந்து கிடப்பது. மேலே இலைகள் பந்தலிட்டிருப்பதால் கதிரொளியில் நூற்றுக்கு இரண்டு பங்களவே தரையை அடைகிறது. ஆகவே, அடிநிலத்தில் புதர் அடர்ந்திருக்கும் என்னும் நம் கற்பனை பெரும்பாலும் தவறு. பழங்காட்டின் உள்ளே நடக்க இடமிருக்கும். ஆற்றங்கரையிலும் மரம் விழுந்த திறப்புகளிலுமே செடிகொடிகள் பின்னிக் கிடக்கும். எத்திசையும் ஒன்றுபோலத் தோன்றுவதே உள்ளே உள்ள இடர்.

முதற்பாடம் வெட்டுக்கத்தி. அதனை வீசும்போது எவரும் கைக்கெட்டும் தொலைவில் இருத்தலாகாது. வெட்டு தன் உடலை விட்டு விலகிச் செல்ல வேண்டும். நடக்கும்போது உறையில் இருக்க வேண்டும். புலிக்கும் பாம்புக்கும் அஞ்சி வரும் மாணவர் பலரைத் தம் கத்தியே முதலில் காயப்படுத்துகிறது. ஈரமும் வெப்பமும் நிறைந்த அங்கே சிறு கீறலும் விரைவில் சீழ்கொள்ளும்.

அடுத்தது தங்குமிடம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் மாலை ஆறு மணியளவில் கதிரவன் மறைவான். காட்டினுள் இருள் அதற்கு முன்பே கவியும். எனவே பிற்பகல் மூன்று மணிக்கே நடையை நிறுத்தி இடம் தேட வேண்டும். வழிகாட்டி முதலில் மேலே பார்ப்பார். பட்டுப்போன மரமோ தொங்கும் கிளையோ தலைக்கு மேல் இருந்தால் அங்கே தங்கமாட்டார். இரவில் காற்றடித்து விழும் கிளைகள் கொல்லும் ஆற்றல் உடையவை. பிறகு ஆற்றைப் பார்ப்பார். தொலைவில் பெய்த மழையால் ஒரே இரவில் நீர்மட்டம் பல அடி உயரக்கூடும். படுக்கை தரையில் இல்லை. இரு மரங்களிடையே கட்டும் தூளியில். மேலே தார்ப்பாய், சுற்றிலும் கொசுவலை. நடப்பதற்கு ஓர் உடை, உறங்குவதற்கு உலர்ந்த மற்றோர் உடை. விடிந்ததும் உலர்ந்ததைப் பையில் கட்டிவிட்டு, நனைந்ததையே மீண்டும் உடுத்த வேண்டும். இது மாணவர்க்கு மிகவும் கசக்கும் பாடம். ஆயினும் காலழுகலிலிருந்து காப்பது இதுவே.

நீர் எங்கும் உண்டு, தூயதன்று. ஒரு நிமிடம் நன்கு கொதிக்க வைத்துப் பருகுவதே முறை. சில கொடிகளை வெட்டினால் தூய நீர் வடியும். முதலில் கைக்கெட்டும் உயரத்திலும் அடுத்துக் கீழேயும் வெட்ட வேண்டும். கீழே முதலில் வெட்டினால் நீர் மேலேறிவிடும். வடிவது பால்போன்றோ நிறமுடையதாகவோ இருந்தால் விலக்குக. ஆனால் எக்கொடி எது என்பதைப் படத்தைப் பார்த்துக் கற்றவன் அதனைப் பருகாதிருப்பதே நன்று. ஒரு கொடிக்கும் அதனைப் போன்ற மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை, பட்டையைச் சுரண்டி மணம் பார்த்துத்தான் வழிகாட்டியே உறுதி செய்கிறார். இந்த ஓரிடத்தில் நூலறிவு தோற்று நிற்கிறது.

தீ மூட்டுதல் மழைக்காட்டில் மிகக் கடினம். தரையில் கிடக்கும் விறகு ஊறிப்போயிருக்கும். நின்றபடியே காய்ந்த மரத்தைப் பிளந்தால் உள்வயிரம் உலர்ந்திருக்கும். அதனைச் சீவிச் சுருள்களாக்கி, சில மரங்களில் வடிந்து உறைந்த பிசினை இடையில் வைத்தால் ஈரத்திலும் எரியும். உணவு பற்றி அதிகம் கவலற்க. நீரும் நிழலும் இருப்பின் பல நாள் பசி தாங்கலாம். மரவள்ளிக் கிழங்கு மட்டும் ஒரு சொல் பெறத் தக்கது. நம் நாட்டுக்குத் தென்னமெரிக்கா தந்த கொடை அது. அதன் கசப்பு வகையில் கொல்லும் நஞ்சு உண்டு. அமேசான் மக்கள் அதனைத் துருவி, ஓலையால் பின்னிய நீண்ட குழலில் இட்டுப் பிழிந்து, வறுத்து மாவாக்குவர். வேதியியல் நூல் தோன்றுமுன்பே கண்ட முறை இது!

பாம்பு கடித்தால் கீறுதலோ உறிஞ்சுதலோ இறுகக் கட்டுதலோ கூடாது; கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காலணியை உதறி அணிதல், பற்றும் முன் மரத்தைப் பார்த்தல் போன்ற சிறு பழக்கங்கள் இரண்டு நாளில் தாமே படிந்துவிடும்.

வழி தவறினால் என் செய்வது? பலரும் கோப்கேயை நினைத்து ஓடையைத் தொடர்ந்து நடக்க எண்ணுவர். இங்கே தெளிவு வேண்டும். தேடிய விமானங்கள் இலைப்பந்தலின் ஊடே தம்மைக் காணமாட்டா என்று உணர்ந்தே அவர் நடந்தார், அந்நிலத்தையும் அறிந்திருந்தார். வழிகாட்டியுடன் சென்ற மாணவன் பிரிந்துவிட்டால், அவனைத் தேட வல்லவர் அருகிலேயே உள்ளார். ஆகவே அவன் நின்ற இடத்திலேயே நின்று ஊதலை மும்முறை ஊத வேண்டும். கொலம்பியாவில் பாட்டியின் குரல் வேண்டியதும் அதுவே.

யாருடன் செல்வது

பிரேசில் படையினர் மனாவுஸ் நகரில் 1964-இல் நிறுவிய காட்டுப் போர்ப் பயிற்சி நிலையம் கடுமைக்குப் பெயர் பெற்றது. அது வீரர்க்குரியது. பொதுமக்களை அழைத்துச் செல்வோருள் பல தரத்தினர் உளர். கட்டணத்தை மட்டும் கேட்டுப் புறப்படுதல் அறியாமை. வழிகாட்டி அம்மண்ணில் பிறந்தவரா, ஒருவருக்கு எத்தனை மாணவர், செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா, நோயாளியை வெளியேற்ற எத்தனை மணி நேரமாகும், செலுத்தும் பணத்தில் ஊராருக்குச் சேர்வது எவ்வளவு என்பவற்றைக் கேட்டு அறிய வேண்டும். கடைசி வினாவுக்கு விடை சொல்லத் தயங்குவோரிடம் மற்ற விடைகளையும் நான் நம்பமாட்டேன்.

கின்ஸ்பர்க் மீட்கப்பட்ட துயிச்சி ஆற்றங்கரையில் சான் ஹோசே தே உச்சுபியாமோனாஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரார் தம் இளைஞர் பிழைப்புக்காக நகரங்களுக்குப் பெயர்வதைக் கண்டு, 1990-களில் காட்டினுள் சலலான் என்னும் விருந்தினர் விடுதியை அமைக்க முற்பட்டனர். அதற்கு நிதியுதவி திரட்டுவதில் கின்ஸ்பர்க்கும் துணை நின்றார். சுற்றியுள்ள காடு 1995-இல் மதீதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஊராரே நடத்தும் அவ்விடுதியில் வழிகாட்டிகளாக விருந்தினரை அழைத்துச் செல்வோரும் அவ்வூர் மக்களே. அப்பகுதிக்குச் செல்ல ஏற்ற காலம் மழை குறைந்த மே முதல் அக்டோபர் வரை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரேனும் இட்டுக்கொள்ள வேண்டும்.