கூடத்தில் ஒரு குளம்

கேள்வி: காரைக்காலில் கடற்கரைக்கு அருகே குடியிருக்கிறோம். வீட்டில் நீர்ச்செடிகளோடு மீன்தொட்டி அமைக்க ஆசை. ஆழ்குழாய் நீரோ உப்புக் கரிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அரசலாறு கடலோடு சங்கமிக்கும் ஊரில் நிலத்தடி நீர் உவர்ப்பாயிருப்பது ஆச்சரியமன்று, ஆதலால் தொட்டியின் விலையை விசாரிக்குமுன் தண்ணீருக்கு வழி தேடிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை மாடித் தூசியைக் கழுவிச் சென்றபின் பிடித்து வைத்த மழைநீர் முக்கால் பங்கும், உங்கள் ஆழ்குழாய் நீர் கால் பங்குமாகக் கலந்துகொண்டால், செடிக்கு வேண்டிய தாதுக்களும் கிட்டும், உப்பும் அடங்கும்.

2 அடி நீளமும், அகலமும் உயரமும் 1 அடியுமான தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு நெல்மூட்டைப் பாரமாகிவிடும் என்பதால் உறுதியான மேசை அவசியம். ஜன்னலோரம் வேண்டாம், வெயில் பட்டால் பாசி பிடித்துவிடும்.

கடற்கரை மணல் இலவசமாயிற்றே என்று அள்ளி வந்துவிடாதீர்கள்! அதிலுள்ள கிளிஞ்சல் துகள்கள் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். நன்கு அலசிய ஆற்றுமணலே உத்தமம்.

வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் நம் கோடையைச் சகிக்கும், எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரம் போதும். கழிவின் விஷத்தை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக அவகாசம் வேண்டுமாகையால், நான்கு வாரம் பொறுத்தே மீன் விடுங்கள். சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் ஜொலிக்கும் நியான் டெட்ரா, அமேசானின் மென்னீரில் பிறந்த ஜாதி. உங்கள் ஊருக்குக் கப்பியும் மோலியுமே பொருத்தம். ஆறு மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை அவையே குட்டி போட்டு நிரப்பிவிடும்.